துரை ஒரு தடவைதான் கேட்டார்

பங்களாவின் முன் விறாந்தையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிரே மேசை. மேசையில் சோறு, கோழிக்கறி, பருப்பு, பொரித்த அப்பளம். அந்தக் காலத்துக் கோப்பித் துரைமார் காலையில் தோட்டம் சுற்றிவிட்டு வந்து, பதினொரு மணியளவில் நம்மைப் போலவே சோறும் கறியும் சாப்பிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வேறு, பிரேக்ஃபாஸ்ட்.

கோழிக்கறியில் பங்களாச் சமையல்காரர் அப்பு கறுவாப்பட்டை கொஞ்சம் அதிகமாகவே போட்டிருந்தார். அந்த வாசனை என் மூக்கில் ஏறி வயிற்றில் இறங்கியது. பயத்தில் முந்திய நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

துரை புதியவர். சீமையிலிருந்து வந்து ஒரு பருவம்கூட ஆகவில்லை. மூக்கு நுனி வெயிலில் உரிந்து சிவந்திருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஹேவ் யூ ஈட்டன்?"

நீ சாப்பிட்டிருக்கிறாயா என்று அர்த்தம். மூன்று மாதமாக நான் படித்த இங்கிலீசிலிருந்தே கேள்வி வந்துவிட்டது. பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலால் ஒரு வீடும், ஒரு வேலையும், ஏறக்குறைய என் மனைவியும் கையை விட்டுப் போகப் பார்த்தன. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கதவுள்ள வீடு

எங்கள் தோட்டம் குண்டசாலைக்கு மேலே, கோப்பிக்கு இன்னும் இலைச்சீக்கு வராத காலத்தில், நல்ல பச்சையாக இருந்தது. நான் ஸ்டோரில் வேலை. பழத்தைத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டிக் கண்டிக்கு வண்டியேற்றும்வரை உள்ள வேலை எல்லாம் ஸ்டோர் வேலைதான். அதில் களம் என் பொறுப்பு. நான் மூன்றாம் புத்தகத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேசத் தெரியாதவன் என்று சொல்ல முடியாது. பேச வேண்டிய நேரத்தில் பேசத் தெரியாதவன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி பெயர் பவளம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் என் அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பரா அறையில் நாங்களும் இருந்தோம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் நாலு, நாங்கள் இருவர், ஒரு ஆடு. ஆடு மழைக்காலத்தில் மட்டும்தான். ஆனால் எங்கள் மலையில் மழைக்காலம் எப்போது இல்லை?

பவளம் அந்த இரண்டு வருடமும் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், "நா எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். கதவு சாத்திக்கிற மாதிரி ஒரு வீடு கெடைக்கட்டும், வந்துர்றேன். கோபமில்ல. ஆடு மூஞ்சில தும்முது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய அண்ணனுக்குக் கண்டியில், வாவிக்குப் பின்னால், மாட்டு வண்டிப் பட்டி இருந்தது.

எனக்குத் தெரிந்து தோட்டத்தில் கதவு சாத்தக்கூடிய வீடு ஒன்றே ஒன்று. ஸ்டோரை ஒட்டி, கல் சுவரும் தகரக் கூரையுமாக, ஸ்டோர்க்காரருக்கென்று கட்டிய வீடு. உள்ளே தாழ்ப்பாள் உண்டு. ஸ்டோர்க்காரர் வயதாகி இந்தியாவுக்குக் கப்பலேறியதும் வீடு காலியானது.

புதுத் துரைக்கோ தமிழ் ஒரு சொல்லும் வராது. "வா", "போ" இரண்டும் தெரியும். எது எது என்பதில்தான் குழப்பம். போ என்று கூப்பிடுவார், போய் நின்றால் வா என்று விரட்டுவார். ஆகவே புது ஸ்டோர்க்காரன் அன்றன்று நடந்த வேலையைச் சாயந்தரம் இங்கிலீசில் சொல்லக்கூடியவனாக இருக்கவேண்டும் என்று பேச்சு அடிபட்டது.

மருந்துக்காரரின் வசனங்கள்

தோட்டத்து மருந்துக்காரர் நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான். இங்கிலீசு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பனங்கிழங்கில் காய்ச்சும் ஒடியல் கூழ் கிடைக்காத மலைக்கு வந்து மாட்டிக்கொண்ட துக்கத்தைக் கேட்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் நடுவில் பேசாமல் கேட்பேன். அதற்குப் பதிலாக அவர் எனக்கு இங்கிலீசு சொல்லித்தர ஒத்துக்கொண்டார்.

"முழு இங்கிலீசும் உமக்கு வேண்டாம் காணும்" என்றார் முதல் நாளே. "ஸ்டோரிலை என்ன நடக்குது? பொழுதுபடுறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சுபோகுது. முடிஞ்ச வேலையைச் சொல்லுற வசனம் தெரிஞ்சால் போதும். அதுதான் 'ஹேவ்'."

"ஹேவ்" என்றேன்.

"அவசரப்படாதையும். வேலை முடிஞ்சால் மட்டும் 'ஹேவ்' வராது. முடிஞ்சதின்ரை பலன் இப்பவும் கண்முன்னாலை இருக்கோணும். 'வீ ஹேவ் வாஷ்ட் த காஃபி.' கழுவியாச்சு, கழுவின கோப்பி இந்தா கிடக்குது. விளங்குதோ?"

விளங்கியது. நான் உற்சாகமாக, "வீ ஹேவ் வாஷ்ட் த காஃபி யெஸ்டர்டே" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ! நேத்து எண்டு நாளைச் சொல்லிப்போட்டீரே! நாளைச் சொன்னால் 'ஹேவ்' அங்கை நில்லாது காணும், ஓடிப்போகும். நேத்து எண்டால் வெறும் 'வாஷ்ட்'. எப்ப முடிஞ்சது எண்டு 'ஹேவ்' சொல்லாது. முடிஞ்சுபோய்க் கிடக்குது எண்டு மட்டும்தான் சொல்லும்."

இந்த 'ஹேவ்' எனக்குப் பிடித்துப்போனது. என்னைப் போலவே கூச்ச சுபாவம். நாள், நேரம் என்று துருவிக் கேட்டால் ஓடிப்போகிறது.

அடுத்த வாரம் 'ஹேட்' வந்தது. முடிந்த காரியங்கள் இரண்டு இருந்து, அதில் எது முந்தியது என்று காட்டவேண்டுமானால் முந்தியதற்கு 'ஹேட்' போடவேண்டும். மருந்துக்காரர் உதாரணமெல்லாம் தம் தொழிலிலிருந்தே எடுப்பார்.

"'த பேஷன்ட் ஹேட் டைட் பிஃபோர் ஐ கேம்.' நான் வாறதுக்கு முன்னமே நோயாளி செத்துப்போனான். சொல்லும்."

சொன்னேன்.

"நல்ல வசனம். எனக்கு அடிக்கடி தேவைப்படுறது."

அதற்கும் அடுத்தது 'வில் ஹேவ்'. "'பை சாட்டர்டே வீ வில் ஹேவ் ஃபினிஷ்ட்.' சனிக்கிழமைக்குள்ளை முடிச்சிருப்பம். துரைமாருக்கு இதைவிட விருப்பமான வசனம் இல்லை. சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தரும் உம்மை ஏசமாட்டினம்."

ஒரு நாள் அவர், போனவன் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கோன்', போய்த் திரும்பிவிட்டான் என்றால் 'ஹேஸ் பீன்' என்று சொல்லிக்கொடுத்து, எங்கே சொந்தமாக ஒரு வசனம் சொல்லும் பார்ப்போம் என்றார்.

நான் யோசித்துச் சொன்னேன்: "மை வைஃப் ஹேஸ் கோன் டு கண்டி."

மருந்துக்காரர் தம் மருந்துப் பெட்டியைத் துடைத்தார். "ஒரு பிழையும் இல்லை" என்றார் பிறகு. அன்றைக்கு ஒடியல் கூழைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

களத்தில் ஒரு மழை

இங்கிலீசு பேசிப் பழக ஆள் வேண்டுமே. எனக்கு மனிதரிடம் பேச வெட்கம். ஆகவே களத்தில் காயும் கோப்பியிடம் பேசினேன். பலகையால் இழுத்துப் பரப்பிவிட்டு, "ஐ ஹேவ் ஸ்ப்ரெட் யூ" என்பேன். காகத்தை விரட்டிவிட்டு, "யூ ஹேவ் கோன்" என்பேன். அது திரும்பி வந்து உட்காரும். அப்போது "யூ ஹேவ் கம் பேக்." காகத்துக்கு இலக்கணம் தடைப்படவில்லை.

களத்தில் கோப்பி கிளறும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதில் காளியம்மா என்று ஒருத்தி, கொஞ்சம் வாய் நீளம்.

"என்னண்ணே, பவளம் போனதுலருந்து கோப்பிகூடத்தான் குடித்தனமா?"

நான் பலகையை எடுத்துக்கொண்டு களத்தின் மறு ஓரத்துக்குப் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் ஹந்தானை மலைப் பக்கம் கறுத்தது. மழை வந்துவிட்டதா, வரப்போகிறதா? வந்திருந்தால் 'ஹேஸ் கம்'. நாங்கள் அள்ளி முடிப்பதற்குள் வந்திருக்கும் என்றால் 'வில் ஹேவ் கம்'. முதல் துளி என் மூக்கில் விழுந்தபோதும் எதைப் போடுவது என்று தீர்மானமாகவில்லை.

"யோவ் அண்ணே! மழ வந்துருச்சு, சாக்க எடு!" என்று காளியம்மா கத்திய பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. எல்லாரும் ஓடி அள்ளி உள்ளே போட்டோம். பாதி நனைந்துவிட்டது. மறுநாள் வெயில் நன்றாக அடித்ததால் நான் தப்பினேன்.

எங்கள் ஆட்களைக் கேட்கும் முறை

இப்போது ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தப் பத்திரிகை எங்கெங்கோ போகிறது என்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு முறை கேட்டால் அது விசாரிப்பு. வந்தவர் பட்டினியாக இருந்தாலும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாவது முறை "அட, கொஞ்சமா சாப்பிடுங்க" என்றால் அது உபசாரம். அதற்கும் "இல்லைங்க, வயிறு நெறைஞ்சிருக்கு" என்று சொல்லவேண்டும். மூன்றாவது முறை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்போதுதான் உட்காரலாம். முதல் முறையே உட்கார்ந்தவனைப் பற்றி ஊர் பல வருடம் பேசும்.

சோற்றுக்கு மட்டுமல்ல, எதற்கும் இதே முறைதான். எனக்குப் பெண் தர வந்த பவளத்தின் அண்ணன், "எங்க வீட்டுப் புள்ளைய கட்டிக்கிறீங்களா?" என்று கேட்டபோது நான், "எனக்கு இப்ப என்னங்க அவசரம்" என்றேன். அவர் மரியாதை தெரிந்தவர். வெற்றிலை போட்டு முடித்துவிட்டு மறுபடி கேட்டார். "பெரியவங்க பாத்து சொல்லணும்" என்றேன். மூன்றாவது முறை என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதன் பிறகு சம்மதித்தேன். முதல் பதிலைக் கேட்டுக்கொண்டு அவர் வண்டியைத் திருப்பியிருந்தால் இன்றைக்கு இதை எழுத எனக்குக் கதை ஏது?

மறுபடியும் விறாந்தை

ஆகவே துரை, "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டதும், நான் சொன்னேன்:

"எஸ் சர். ஐ ஹேவ் ஈட்டன்."

வசனத்தில் பிழையில்லை. நாள் சொல்லவில்லை. நேற்று என்ற சொல் பக்கத்திலேயே வரவில்லை. வேலைக்கு என் பெயரைச் சொல்லி, என்னைக் கூட்டிவந்து பக்கத்தில் நின்ற மருந்துக்காரர் முகம் மலர்ந்து போனது. பொய் என்பது ஒன்றுதான் குறை.

துரை "குட்" என்றார். கரண்டியை எடுத்தார். சாப்பிடத் தொடங்கினார்.

நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கோழிக்கால் போனது. பருப்பு போனது. கடைசி அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் என் வயிறு, படலைக் கதவுக்கு வெளியே நிற்கும் மாடு போல, நீளமாக ஒரு குரல் கொடுத்தது. துரை வானத்தைப் பார்த்தார், இடி இடிக்கிறதோ என்று.

சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, ஸ்டோர்க்காரர் வேலை உனக்கு வேண்டுமா என்று கேட்டார்.

என் நெஞ்சு துள்ளியது. ஆனால் "எஸ் சர்" என்று பாய்ந்து சொல்ல நான் என்ன வளர்ப்பில்லாதவனா? முதல் முறைக்கென்றே மருந்துக்காரரும் நானும் ஒரு வாரமாகத் தயாரித்த வசனம் இருந்தது. மிக அடக்கமான வசனம். அதைச் சொன்னேன்.

"சர், அதர்ஸ் ஹேவ் சர்வ்ட் லாங்கர் தென் ஐ ஹேவ்."

என்னைவிட நீண்ட காலம் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரே வசனத்தில் இரண்டு 'ஹேவ்'. மருந்துக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

துரை எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். ஆ, இதோ இழுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைக் குலுக்கினார். நீ ரொம்பவும் நேர்மையானவன், நான் அவர்களையே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஸ்டோரில் என்ன இருக்கிறது?

மறுநாள் துரை, தோட்டத்தில் நீண்ட காலம் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தமிழ் தெரியாததால் மருந்துக்காரர் நடுவில் நின்று சொல்லவேண்டியது. நான் களத்தின் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காவல்காரர் சடையன். காடு வெட்டிய நாளிலிருந்து இருப்பவர். குளித்து, விபூதி பூசி, யாரோ கொடுத்த கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"துரை உம்மை ஸ்டோருக்குப் பொறுப்பா இருக்கச் சொல்லிக் கேக்கிறார்" என்றார் மருந்துக்காரர்.

சடையனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. உடனே அதை மூடிக்கொண்டு, "நா எதுக்கு லாயக்கு தொரை. கண்ணு தெரியல, காலு ஓடல" என்றார்.

மருந்துக்காரர் மிக நேர்மையான மனிதர். சொன்னதைச் சொன்னபடி மாற்றிச் சொல்வார், கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். கண் தெரியவில்லையாம், கால் ஓடவில்லையாம் என்று அப்படியே இங்கிலீசில் சொன்னார். துரை இரக்கத்தோடு தலையாட்டி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்து, தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணியின் மச்சான். "நமக்கு அந்தத் தகுதி ஏதுங்க" என்றார். அதற்கடுத்தவர், "என்னய விட்டுருங்க சாமி, பெரிய எடம்" என்றார். இப்படி மத்தியானத்துக்குள் வரிசை முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கோட்டும் விபூதியுமாக பங்களா வாசலிலேயே, இரண்டாவது தடவை கூப்பிடுவார் என்று எல்லாரும் நின்றார்கள்.

துரையின் முகம் வெளிறிப் போயிருந்தது. அவர் மருந்துக்காரரைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, அந்த ஸ்டோரில் பேய் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

மருந்துக்காரர் நன்றாக யோசித்தார். பேய் இல்லை என்று சொல்ல அவர் பேயியல் படித்தவரல்ல. தமக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொன்னார்.

"நோபடி ஹேஸ் சீன் இட், சர்."

இதுவரை அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்றோடு துரை பொழுது சாய்ந்த பிறகு ஸ்டோர்ப் பக்கம் வருவதை நிறுத்தினார். வருகிற வாரம் கண்டிக்குப் போய் வெளியிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டார்.

பவளம் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை விடிய முன்பே நடந்து கண்டிக்குப் போனேன். பட்டியில் பவளம் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கையைக்கூடக் கழுவாமல் கேட்டாள்.

"வேல வேணுமான்னு கேட்டாரு."

"ஆமா."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க."

"வேணாம்னு எங்க சொன்னேன்? மத்தவங்க இருக்காங்கன்னு..."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அவரு மறுபடி கேக்கணும்ல? அதான முறை?"

"அவருக்கு அந்த முறைய யாரு சொல்லிக்குடுத்தா? கப்பல்லயா சொல்லிக்குடுப்பாங்க?"

அவள் கையை மாட்டின் முதுகில் துடைத்துவிட்டு, "அண்ணே, வண்டிய பூட்டு" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். பிறகு என்னிடம், "மூணு மாசமா இங்கிலீசு படிச்சீங்களே. 'வேணும்'ங்கிறதுக்கு அதுல ஒரு வார்த்த இல்லியா?" என்றாள்.

இருந்தது. அதை மருந்துக்காரரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் முறையே உட்கார்ந்தவள்

நாங்கள் மேலே போய்ச் சேரும்போது துரையின் சாப்பாட்டு நேரம். வழியில் மருந்துக்காரரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். மேசையில் அதே கோழிக்கறி. துரை எங்களைப் பார்த்ததும் எழுந்து, வழக்கம்போல, பாவம், கேட்டார்.

"ஹேவ் யூ ஈட்டன்?"

"என்ன கேக்குறாரு?" என்றாள் பவளம்.

"சாப்பிட்டியான்னு."

"சாப்பிடலன்னு சொல்லுங்க. தவிடு கரைச்ச கையோட கெளம்புனது."

நான் கோழிக்கறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், மருந்துக்காரரைப் பார்த்தாள். பிறகு தானே துரையைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

துரை கைத்துண்டை மேசையில் போட்டார். பிறகு "அப்பு! அப்பு!" என்று கூவினார். விறாந்தைப் படியில் வாழையிலை விழுந்தது. சோறு வந்தது. பவளம் உட்கார்ந்தாள். அப்பு "தவ டிக்கக்?" என்று சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா எனக் கேட்டபோதும் அவள் கையால் இலையை மறைக்கவில்லை. "போடுங்க" என்றாள். கோழிக்கால் இரண்டையும் அவளே சாப்பிட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பசியில் கண் அந்த இலையை விட்டு அகலவில்லை.

துரை கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தார். மருந்துக்காரரிடம் நீளமாக ஏதோ சொன்னார். மருந்துக்காரர் அதைச் சொன்னபடியே எங்களுக்குச் சொன்னார்.

"தான் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலயிருந்து கண்டவையளை எல்லாம் சாப்பிடச் சொல்லிக் கேட்டவராம். எல்லாரும் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லிச்சினமாம். விடியக்காலமை, மத்தியானம், பொழுதுபட எப்ப கேட்டாலும் சாப்பிட்டாச்சாம். தன்னோடை இருந்து சாப்பிட ஒருத்தருக்கும் விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சவராம்."

பவளம் விரலைச் சூப்பிக்கொண்டு, "இவங்கள்லாம் அப்பிடித்தான்னு சொல்லுங்க. அப்பறம், அந்த ஸ்டோரு வீடு எங்களுக்கு வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

மருந்துக்காரர் சொன்னார். துரை குழம்பிப் போய், இவன்தான் வேண்டாம் என்று சொன்னானே என்றார்.

"வேணாம்னு சொன்னது வாயி. இவருக்கு வேணும்" என்றாள் பவளம்.

இதைச் சொன்னபடி மாற்ற மருந்துக்காரரால் முடியவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். தம் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஹீ ஹேஸ் வான்டட் இட் ஆல் த டைம், சர்."

பிறகு எங்கள் மூன்று தடவை முறையையும் விளக்கினார். துரை தலையைச் சொறிந்தார். சடையனையும் மற்றவர்களையும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த வேலை உனக்கு வேண்டுமா என்று நேராகக் கேட்டார்.

இது இரண்டாவது தடவைதானே என்று என் மனம் கணக்குப் பார்த்தது. நாக்கு நுனியில் ஒரு அடக்கமான வசனமும் வந்து நின்றது. பவளம் படியில் இருந்தபடியே சோற்றுக் கையால் என் கெண்டைக்காலில் கிள்ளினாள்.

"எஸ் சர்!" என்றேன். களத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

இதனால் தோட்டத்துக்கு ஒரு கெடுதலும் வந்தது. துரை புது முறையை நன்றாகப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும்போது ஒவ்வொருவரையும் மூன்று தடவை கேட்கத் தொடங்கினார். முதல் சத்தத்துக்கே மலையேறியவர்கள்கூட மூன்றாவது தடவை கேட்கும்வரை நின்றார்கள். சிலர் கையைப் பிடித்து இழுக்கவும் எதிர்பார்த்தார்கள். பெரிய கங்காணி வந்து துரையின் காலில் விழுந்த பிறகுதான் அது நின்றது. சடையன் மட்டும் "என்னய ஒரு தடவதானே கேட்டாரு" என்று என்னோடு சில மாதம் பேசவில்லை.

குடிவந்த அன்று

நல்ல நாள் பார்த்து, பாயும் பானையும் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வீட்டுக்குப் போனோம். பவளம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

கல்யாணமாகி அதுவரை நாங்கள் தனியாக ஒரு அறையில் இருந்ததே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

தகரக் கூரையில் ஒரு காகம் நடந்தது. கொஞ்ச நேரம் அது நடப்பதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ரொம்ப அமைதியா இருக்கே" என்றாள் பவளம். எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி எட்டிப் பார்த்தாள். பழம் பறித்துவிட்டுப் பெண்கள் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். "காளியம்மா! வாடி, வீட்ட வந்து பாரு! எல்லாரும் வாங்க!"

எல்லாரும் வந்தார்கள். கூடையோடு வந்தார்கள். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் வந்தார்கள். காளியம்மா கதவைச் சாத்திப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மறுபடி சாத்திப் பார்த்தாள். உள்ளே நிற்க இடமில்லாமல் வீட்டுக்காரன் நான் வெளியே களத்தில் வந்து நின்றேன்.

மேற்கே பேராதனைப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. துரை தடியை ஊன்றிக்கொண்டு அந்த வழியாக வந்தார். வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நின்று, உள்ளே யார் என்று கேட்டார்.

நான் வெட்கப்படாமல் சொன்னேன்.

"எவ்ரிபடி ஹேஸ் கம், சர்."

அவர் தலையாட்டினார். போகவில்லை. நானும் உள்ளே போகவில்லை. பேச்சு வராத இரண்டு பேர், காய்ந்த கோப்பிக்கு நடுவே, அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே யாரோ விளக்கேற்றினார்கள். சிரிப்பு கேட்டது.

பவளம் வாசலில் வந்து நின்றாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களைத் தேடினாள்.

"என்ன அங்கயே நின்னுக்கிட்டு? ரெண்டு பேரும் உள்ள வாங்க!"

வா எது, போ எது என்பதில் துரைக்கு அன்று குழப்பம் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து, எனக்கு முன்னால் உள்ளே போனார்.